ஒன்பதாம் இதழின் மழை

முதலில் வந்தது ஒரு திட்டுக் கடிதம். அப்போது நான் ஒரு நாளிதழின் சனிக்கிழமை இணைப்புக்குப் பொறுப்பாசிரியராக இருந்தேன். புதிதாக வரும் காமிக்ஸ் இதழ்களைப் பற்றி அதில் ஒருவர் எழுதுவார். கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் 'சித்திரங்கள் அருமை' என்று முடித்துவிடுவார். எந்த இதழாக இருந்தாலும் அதே இரண்டு சொல்தான். கடிதம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. 'சாப்பிடப் போனவன் தட்டு வட்டமாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருகிற மாதிரி இருக்கிறது உங்கள் விமர்சனம்' என்று தொடங்கி நான்கு பக்கம். இரண்டு பக்கம் ஒரு கையெழுத்து, இரண்டு பக்கம் வேறு கையெழுத்து. முதல் கையெழுத்து வசனங்களைப் போட்டுக் கிழித்திருந்தது. இரண்டாவது கையெழுத்து கோடுகளை.

யார் இவர்கள் என்று பார்க்கலாமே என்று வரச் சொன்னேன். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். காக்கிச் சட்டையோடு பணி முடிந்து நேராக வந்திருந்தார். மனைவி பல் செட் செய்யும் ஒரு லேபில் பதினைந்து வருடமாக வேலை பார்ப்பவர். கைவிரல் இடுக்கில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் என் முன்பல் இரண்டையும் கூர்ந்து பார்த்துவிட்டு, "சின்ன வயசுல விழுந்தீங்களா தம்பி? இடது பக்கத்துப் பல்லு ஒரு நம்பர் கருப்பு" என்றார். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் அவர் பல்லக்கா. "என்னைத் தூக்கிட்டுப் போக நாலு பேரு வேணும்னு சொல்றீங்களா?" என்று அவரே அந்தப் பெயரை வைத்துச் சிரிப்பார்.

அவர் கணவர் எங்களுக்கு அண்ணன். அண்ணன் படம் வரையக் கற்றவரல்ல. கடைசி நிறுத்தத்தில் வண்டி பத்து நிமிடம் நிற்கும்போதெல்லாம் இருபது வருடமாகக் காமிக்ஸ் பார்த்துப் பார்த்தே கண்ணைப் பழக்கிக்கொண்டவர். ஒரு கட்டத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அடுத்த கட்டத்தில் அது ஏன் மாறிவிட்டது என்று கேட்பார். ஓடுகிறவனின் கால் தரையில் படுகிறதா, தரைக்கு மேல் மிதக்கிறதா என்று கேட்பார். அக்கா படத்தைப் பார்க்கவே மாட்டார். வசன பலூனுக்குள் இருப்பதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். "வீட்டுல தீப்பிடிச்சவன் 'ஐயகோ, என் இல்லம் எரிகிறதே'ன்னா கத்துவான்? தண்ணி, தண்ணின்னுதான் கத்துவான்" என்பார்.

பகுதியை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். முன்பாதி எழுத்து, பின்பாதி சித்திரம். கீழே 'வாசகர் இருவர்' என்று கையொப்பம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அக்கா வேலைக்குப் போகிற வழியில் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுப்பார். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடத் தாமதமானதில்லை. சில பதிப்பாளர்கள் என்னைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார்கள். சில ஓவியர்கள் நன்றி சொல்லி எழுதினார்கள், திட்டு வாங்கியவர்களும்கூட.

இனி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி எனக்கு அப்போது தெரியாது. பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும்.

அண்ணனுக்குக் கண்ணில் கோளாறு என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது சாலை அல்ல, காமிக்ஸ்தான். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வரைந்த ஒரு பெரிய படத்தைப் பார்க்கும்போது அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கட்டம் தெரியுது. பக்கம் தெரிய மாட்டேங்குது" என்றார். அக்காவுக்குப் புரியவில்லை. ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் மருத்துவர். வெகுநாள் முன்பே வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அண்ணன் தானாகவே பணிமனைக்குப் போய், இனி வண்டி எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். உதிரிபாக அறையில் உட்கார வைத்தார்கள். ஒன்றரை வருடத்தில் போல்ட்டையும் நட்டையும் பிரிக்க முடியாமல் போனபோது வீட்டுக்கு வந்துவிட்டார்.

எனக்குச் சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்டளை. "கண்ணு தெரியாதவன் சித்திர விமர்சனம் எழுதறான்னு தெரிஞ்சா பரிதாபத்துக்குப் படிப்பாங்க. இல்லன்னா நிறுத்திடுவாங்க. ரெண்டும் வேணாம்."

எனவே அக்கா பார்க்கக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேசையில் இருவரும் உட்காருவார்கள். அக்கா அவர் விரலைப் பிடித்துக் கட்டத்தின் ஓரத்தில் வைத்து, நான்கு பக்கமும் நகர்த்திக் காட்டுவார். எவ்வளவு பெரிய கட்டம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒரே சண்டை.

"மேகமெல்லாம் ரொம்ப அழகா இருக்குங்க."

"அழகா இருக்குன்னு நீ சொல்லாதே. அது என் வேலை. என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு."

"கருப்பா இருக்கு."

"எவ்வளவு கருப்பு? கோடு போட்டுக் கருப்பா, மை ஊத்திக் கருப்பா? ஓரம் கூரா இருக்கா, பிசிறு அடிச்சிருக்கா?"

லேபில் பல்லின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கப் பதினாறு மாதிரிப் பற்கள் ஒரு பட்டையில் வரிசையாக இருக்கும். அண்ணனின் பார்வை முழுதாகப் போவதற்கு முன்பே அக்கா அந்தப் பட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அவருக்குப் பாடம் நடத்தியிருந்தார். அதனால் சாம்பல் நிறங்களுக்கு அவர்களுக்குள் ஒரு பாஷை இருந்தது. "வானம் நாலாம் நம்பர், கட்டடம் ஒன்பது, அவன் மூஞ்சி பதினாறு" என்று அக்கா சொன்னால், "பாவம், பல்லு தேய்க்காத மூஞ்சி" என்பார் அண்ணன்.

அந்த வருடம் 'மூன்றாம் துறை' என்று ஒரு மாதத் தொடர் வந்துகொண்டிருந்தது. எப்போதும் மழை பெய்கிற ஒரு துறைமுகம். அங்கே சரக்குகளைச் சோதிக்கும் ஒரு பெண் அதிகாரி, காணாமல் போன தம்பியைத் தேடுகிறாள். வரைந்தவர் ஒரு புது ஓவியர். மழையைக் கோடாக வரையமாட்டார். பக்கம் முழுக்கத் தூரிகையால் கருப்பை அடித்துவிட்டு, மழையை மட்டும் தாளின் வெள்ளையாக விட்டுவிடுவார். முதல் மூன்று இதழ்களை அண்ணன் தன் கண்ணாலேயே, கட்டம் கட்டமாக, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அவர் பார்த்த கடைசிச் சித்திரங்கள் அவைதான். நான்காம் இதழிலிருந்து அக்காவின் குரல் வழியாகப் பார்த்தார். ஒவ்வொரு மாதமும் அந்த இதழுக்காகக் காத்திருந்தார்.

ஒன்பதாம் இதழ் வந்த அன்று காலை மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, வெளிச்சம் தெரிகிறதா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றார் அண்ணன். அவ்வளவுதான். வெளியே வந்ததும், "கடை வழியாப் போலாம். ஒன்பதாவது வந்திருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, சட்டை மாற்றி, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார்.

அக்கா அட்டையைத் திருப்பினார். உள்ளே ஓவியர் என்று வேறு ஒரு பெயர் இருந்தது. மழையை யாரோ ஸ்கேல் வைத்து இழுத்திருந்தார்கள். எல்லா முகத்துக்கும் ஒரே தாடை. பின்னணியில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை.

"முதல் பக்கம் என்ன?"

"மழைங்க."

"எப்படி?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்ததாகத்தான் அக்கா சொல்கிறார். ஆனால் வந்தது வேறு. "பக்கம் முழுக்கக் கருப்புங்க. மேலேருந்து வெள்ளையா இறங்குது. அவ குடைக்கு மேல மட்டும் உடைஞ்சு தெறிக்குது."

அண்ணன் தலையாட்டினார். "பழைய கைதான். சொல்லு."

முப்பத்திரண்டு பக்கம். வசனத்தை மாற்ற முடியாது, அது அச்சில் இருக்கிறது. அந்த வசனத்துக்கு அந்த ஓவியர் இருந்திருந்தால் எதை வரைந்திருப்பார் என்று யோசித்து, கட்டத்துக்குக் கட்டம் அக்கா சொல்லிக்கொண்டே போனார். நடுவில் அண்ணன் கேள்வி கேட்டார். அதற்கும் பதில் இருந்தது. கிரேன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, விளக்குக் கம்பத்தின் நிழல் எங்கே விழுகிறது, எல்லாவற்றுக்கும். இரண்டு மணி நேரம் ஆனது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண்ணுக்குத் தம்பி இருந்த அறை கிடைக்கிறது. புத்தகத்தில் இருந்தது அவள் முகம் மட்டும், பெரிதாக, கன்னத்தில் மூன்று சொட்டுக் கண்ணீரோடு. அக்கா சொன்னார்: "அவ மூஞ்சியே இல்லைங்க. ஆணியில ஒரு மழைக்கோட்டு தொங்குது. தோள் பக்கம் இன்னும் ஈரம். கீழ தண்ணி சொட்டித் தேங்கியிருக்கு. அவ செருப்பு அந்தத் தண்ணிய மிதிக்காம ஓரமா நிக்குது."

அண்ணன் புத்தகத்தை வாங்கி மூடி மேசையில் வைத்தார். பிறகு, "எழுதிக்கோ" என்றார்.

ஐந்து வருடத்தில் அவர்கள் கொடுத்ததிலேயே சிறந்த கட்டுரை அதுதான். ஒரு வரிகூட வெட்டாமல் பக்கத்தின் உச்சியில் போட்டேன். 'மூன்றாம் துறை'யை நான் படிப்பதில்லை. ஒரு பிரதி வாங்கிப் புரட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

கடிதங்கள் குவிந்தன. ஓவியர் மாறியது எல்லா வாசகர்களுக்கும் தெரிந்திருந்தது. அதற்காகக் கோபத்தில் இருந்தவர்கள், இந்தப் பாராட்டைப் படித்ததும் கொதித்துப் போனார்கள். அதில் ஒரு கடிதம் மிக நன்றாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துப் போட்டு, 'இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?' என்று கேட்டிருந்தார். வெகு கூர்மை. சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டேன். 'விமர்சகருக்குக் கண் தெரியாதா?' என்று தலைப்பும் வைத்தேன். அந்தத் தலைப்பு கடிதத்தில் இல்லை. நான் வைத்தது.

சனிக்கிழமை காலையில் அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். படிக்காமல் மடித்து வைத்துவிட்டு, "இந்த வாரம் கடிதப் பகுதி வரலைங்க" என்றார். மறுநாள் அண்ணனோடு வேலை பார்த்த பழைய கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "அண்ணே, உன்னை எவனோ கிழிகிழின்னு கிழிச்சிருக்கான். படிச்சியா?" என்று கேட்ட கண்டக்டர், கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "படி" என்றார் அண்ணன். தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்தார்.

காலி வாளியோடு அக்கா இறங்கி வந்தபோது கண்டக்டர் போய்விட்டிருந்தார்.

"கடைசிப் பக்கத்துல கோட்டு இருக்கா, இல்லையா?"

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "இல்லைங்க."

"அப்புறம்?"

"அழுவுற மூஞ்சி. மூணு சொட்டுக் கண்ணீர்."

"மழை?"

"ஸ்கேல் வச்சு இழுத்திருக்கான்."

"முதல் பக்கத்துலேருந்து சொல்லு. இருக்கிறதைச் சொல்லு."

அக்கா புத்தகத்தை எடுத்துவந்து உட்கார்ந்தார். உண்மையான ஒன்பதாம் இதழை முப்பத்திரண்டு பக்கமும் சொன்னார். இந்தத் தடவை அண்ணன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடிந்ததும், "நாலுலேருந்து எட்டு வரைக்கும்?" என்றார்.

"அதெல்லாம் இருந்தது இருந்தபடிதாங்க சொன்னேன். சத்தியமா."

"இருக்கலாம்" என்றார் அண்ணன். "எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்கிறார் அக்கா.

திங்கட்கிழமை இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அண்ணன் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, என் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு எழுந்து நிற்பதா, உட்காருவதா என்று தெரியவில்லை. எதையோ உளறினேன். "விடுங்க தம்பி. அந்த ஆள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் போடணும், எழுதிக்கோங்க" என்றார். இரண்டே வரி: 'ஒன்பதாம் இதழின் சித்திரங்களைப் பற்றி இங்கே வெளியானது தவறு. எழுதியவனுக்கு ஆறு மாதமாகப் பார்வை இல்லை.'

"அக்கா எப்படிப் பார்த்துச் சொன்னாங்க, ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு ஒரு வரி சேர்த்துக்கலாமா அண்ணே? படிக்கிறவங்களுக்குப் புரியும்."

"அவளைப் பத்தி ஒரு எழுத்து வரக்கூடாது" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடுத்த இதழுக்கு..."

"இனிமே வேணாம் தம்பி. கடிதம் எழுதினாரே, அவர்கிட்ட குடுங்க. பார்க்கத் தெரிஞ்சவர்."

மருந்துக்கடைக்காரர் திருத்தத்தைப் படித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அழுதார். அண்ணன் அவரைப் பார்க்க ஒத்துக்கொள்ளவில்லை. கோபத்தால் அல்ல, "அவர் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்பதுதான் காரணம். சொன்னபடியே பகுதி அவர் கைக்குப் போயிற்று. இன்றும் அவர்தான் எழுதுகிறார்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மேசை காலியாகிவிட்டது. அண்ணன் ரேடியோ கேட்டார். தட்டில் எது எங்கே இருக்கிறது, படி எங்கே இறங்குகிறது, இவ்வளவுதான் அக்கா சொல்லலாம். வாசலில் யாரோ நாய்க்குட்டி கொண்டு போகிறார்கள் என்று ஒரு நாள் சொல்லத் தொடங்கினார். "சரி சரி" என்று அவர் கையை உயர்த்தினார். சண்டை கிடையாது, கடுஞ்சொல் கிடையாது. கேட்ட உப்பு வரும், கொடுத்த மருந்து உள்ளே போகும். எட்டு மாதம் அப்படி.

பிறகு ஒரு நாள், பரிசோதனைக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அது அவர் பதினோரு வருடம் ஓட்டிய தடம். ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பு முன்கூட்டியே சாய்ந்தது. ஓரிடத்தில், "பேக்கரி வந்தாச்சா? போர்டு பச்சைதானே?" என்று கேட்டார். தானாக அவர் கேட்ட முதல் கேள்வி.

"இப்ப நீலம் அடிச்சிருக்காங்க" என்றார் அக்கா.

கொஞ்ச நேரம் கழித்து, டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டரை நிறுத்தி, "தம்பி, பேக்கரி போர்டு என்ன கலர்?" என்று கேட்டார். நீலம் என்றார் அவர். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "பொளேர்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு தம்பி. ஆனா அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் வந்துச்சு, பாலம் வந்துச்சு, எல்லாத்துக்கும் என்னைத்தான் கேட்டாரு. வேற யாரையும் கேக்கல."

இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னால் அவர் இன்னொன்றும் கேட்டார். "அந்தக் கோட்டு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"கல்யாணமான புதுசுல நீங்க மழையில வண்டி ஓட்டிட்டு வந்து மாட்டுவீங்கல்ல. ஒரு நாள் நான் லேபிலேருந்து வரேன், நீங்க வீட்டுல இல்ல. கோட்டு மட்டும் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

"நான் பால் வாங்கப் போயிருந்தேன்."

"ஆமா. பால் வாங்கத்தான் போயிருந்தீங்க."

அண்ணன் அக்காவின் கையை எடுத்துத் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. காமிக்ஸைப் பற்றி அதன் பிறகும் பேச்சில்லை. பத்தாம் இதழோடு அந்தத் தொடரும் நின்றுவிட்டது. அதை அக்கா அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மாரடைப்பு. அக்கா லேபில் இருந்தார். யாருக்கோ கீழ்வரிசைப் பல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தைகள் இல்லை. பழைய கண்டக்டரும் மருந்துக்கடைக்காரரும் நானும் அண்ணனைத் தூக்கியவர்களில் இருந்தோம்.

இரண்டு மாதம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். நான் எழுதி வைத்திருப்பது முழுவதும் அன்று அவர் சொன்னதுதான். நடுநடுவே எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார், வந்தார், விட்ட இடத்திலிருந்து சொன்னார். "நான் சொன்னது பொய்தான் தம்பி. அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா அந்த ரெண்டு மணி நேரமும் அவருக்கு எல்லாம் தெரிஞ்சுது. எனக்கும் தெரிஞ்சுது. அதை நான் என்ன பண்றது?"

வந்ததிலிருந்து நெஞ்சில் கிடந்ததை மட்டும் சொன்னேன்.

"அக்கா, அந்தத் தலைப்பு... அதை மருந்துக்கடைக்காரர் எழுதல. நான்தான் வச்சேன்."

"தெரியும். தலைப்பெல்லாம் நீங்கதான் வைப்பீங்கன்னு உங்க அண்ணனுக்கும் தெரியும்."

பரவாயில்லை என்று அக்கா சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. லேபுக்கு நேரமாகிறது என்று கைப்பையை எடுத்தார். இருவரும் வெளியே வந்தோம், அவர் கதவைப் பூட்டினார். பேருந்து நிறுத்தம் வரை ஒன்றாக நடந்தோம்.